தடை சொல்ல யாரேனும் உண்டா

சேசு மரி சூசை

குருமடம், திருச்சிராப்பள்ளி
12-5-1958

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சந்தியாகு எழுதுவது. உன் கடிதமும் மாவடு ஜாடியும் வந்து சேர்ந்தன. கடிதத்தை அதிபர் சாமியார் படித்துப் பார்த்துவிட்டுத் தந்தார். மாவடுவைத் தின்று பார்த்துவிட்டுத் தந்தார். இங்கே வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாம் அவர் கண்ணில் பட்டாக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். தெரிந்துமா அவரை "அங்கி போட்ட தாசில்தார்" என்று எழுதுவாய்? அவர் சிரித்தார். எனக்குத்தான் வியர்த்து விட்டது.

ஜூன் கடைசியில் சப்டீக்கன் பட்டம். அதற்குப் பிறகு டீக்கன், அதற்குப் பிறகு குருப்பட்டம். ஆனால் இதுதான் எல்லாவற்றையும்விடக் கெட்டியான முடிச்சு. அன்று பிஷப் மேற்றிராணியார் பீடத்தின் முன் உட்கார்ந்து எங்களைப் பார்த்து, "இந்த நிமிஷம் வரைக்கும் நீங்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்ல, விருப்பமானால் திரும்பிப் போகலாம், இல்லையென்றால் முன்னே வாருங்கள்" என்பார். ஓரடி முன்னே எடுத்து வைக்க வேண்டும். வைத்துவிட்டால் ஆயுசுக்கும் கல்யாணம் இல்லை, திரும்புகிற வழியும் இல்லை. அந்த ஓரடியைத்தான் இப்போது கோயிலில் தினமும் ஒத்திகை பார்க்கிறோம்.

மற்றபடி நாள் எப்போதும் போலத்தான். மணி அடித்தால் எழுகிறோம், மணி அடித்தால் தியானம், மணி அடித்தால் லத்தீன். மணியைச் சர்வேசுரனுடைய குரல் என்று இங்கே சொல்லுவார்கள். அடித்துவிட்டால் எழுதுகிற எழுத்தைக்கூட முடிக்காமல் பேனாவை வைத்துவிட வேண்டும். சாயங்காலம் வேப்பமரங்களுக்கு நடுவே செபமாலை சொல்லிக்கொண்டு நடக்கும்போது மட்டும் மனசு எங்கேயோ மிதந்து போய்விட்டு வருகிறது.

வருகிற பெந்தேகோஸ்தே திருநாளில் நம் தென்காசிக் கோயிலில் என் பெயரை வாசிப்பார்கள். கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கிறார்களே, அதே வழக்கம்தான். இவனுக்குப் பட்டம் கொடுக்கத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச்சாமியார் கேட்பார். அம்மாவை முன்னால் கூட்டிப் போய் உட்கார வை. அவள் இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தான்.

நேற்று என் ஆத்தும குருவானவர், "நீ ஏன் குருவாகப் போகிறாய்?" என்று கேட்டார். "எனக்கு வைசூரி கண்டபோது அம்மா புளியம்பட்டி அந்தோணியாருக்கு என்னை நேர்ந்துகொண்டாள்" என்றேன். "அது உன் அம்மாவின் பதில். உன் பதில் என்ன?" என்றார். அதற்குள் மணி அடித்துவிட்டது. நல்லவேளை என்று எழுந்து வந்துவிட்டேன்.

அத்தானுக்கு என் தோத்திரம்.

சந்தியாகு

*

தென்காசி
26-5-1958

தம்பி சந்தியாகுவுக்கு,

அக்கா பிரகாசி எழுதுவது. இதை அதிபர் சாமியார் முதலில் படிப்பார். படிக்கட்டும். தோத்திரம் சாமி. படித்துவிட்டு அவனிடம் கொடுத்துவிடுங்கள், கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

நேற்றுப் பூசையில் நான் எழுந்து நின்றுவிட்டேன், தம்பி.

பெண்கள் பக்கம் முன்பாயில் அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். "காலஞ்சென்ற மிக்கேல், வியாகுலம்மாள் இவர்களுடைய குமாரன் சந்தியாகு" என்று வாசித்ததுமே அம்மா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். தடை அறிந்தவர்கள் உண்டா என்று சாமியார் கேட்டார். அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்லியிருக்கிறார்கள்? கல்யாண ஓலைக்கே ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. அவரும் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த தாளை எடுத்துவிட்டார். எனக்கு என்ன பிடித்ததோ, எழுந்துவிட்டேன்.

"சாமி, ஒரு தடை இருக்கு" என்றேன்.

கோயிலே திரும்பிப் பார்த்தது. சாமியார் கண்ணாடியைக் கழற்றி, "என்னம்மா?" என்றார்.

"அவன யாரும் கேக்கல சாமி. மூணு வயசுல அம்மை போட்டப்ப எங்கம்மா நேந்துவிட்டா. பன்னிரண்டு வயசுல கொண்டுபோய் விட்டாச்சு. ஏலே, உனக்குப் போகணுமாலேன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல."

அவ்வளவுதான் சொன்னேன். அம்மா என் கையை உதறிவிட்டு நடுப்பூசையில் எழுந்து போய்விட்டாள். சாமியார் பூசை முடிந்து என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எழுதி அனுப்ப வேண்டியது என் கடமை" என்று மட்டும் சொன்னார்.

உன் அத்தானோ, "நல்ல காரியம் பண்ணின. பஸ் ஸ்டாண்டுல டிக்கெட் வாங்க வருதவன்லாம் ஊரைச் சொல்லாம என் மூஞ்சியப் பாக்கான்" என்கிறார். அடுத்த வீட்டு நூர்நிஷா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "உங்க கோயில்ல பொம்பளைக எந்திச்சுப் பேசலாமாக்கும்?" என்று கேட்கிறாள். அம்மா என்னோடு பேசுவதில்லை. நான் ஆக்கின சோற்றைத் தொடாமல் பின்வாசலில் தனி அடுப்பு மூட்டியிருக்கிறாள்.

போன கிறிஸ்துமஸ் லீவில் ஐந்தருவிக்குப் போனோமே, அப்போது நீ, "அக்கா, அம்மா நேராம இருந்திருந்தா நான் என்னவா ஆயிருப்பேன்?" என்று கேட்டாய். பஸ் கண்டக்டர் ஆகியிருப்பாய் என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. மணி அடித்தது நல்லவேளை என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து அந்த முகம்தான் எனக்கு முன்னால் நிற்கிறது. உனக்குப் பிடித்துப் போனால் நான் மாலை வாங்கிக்கொண்டு வருவேன். பிடிக்காமல் போகாதே. அதைத்தான் கேட்கிறேன்.

பிரகாசி

*

குருமடம்
4-6-1958

பிரகாசியம்மாளுக்கு,

என் பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. என்னோடு படித்தவர்கள் ஒத்திகைக்குப் போகிறார்கள், நான் மெழுகுவர்த்தித் தாங்கிகளைத் துடைக்கிறேன். சாப்பாட்டு அறையில் எல்லாரும் என்னிடம் ரொம்ப அன்பாக இருக்கிறார்கள். அதற்கு நாலு அடி கொடுத்திருக்கலாம்.

அதிபர் சாமியார் என்னைக் குற்றாலத்தில் சாமியார்கள் ஓய்வெடுக்கிற பங்களாவுக்கு, தனியே இருந்து செபிக்கிற ஞான ஒடுக்கத்துக்கு அனுப்புகிறார். "பதில் கிடைத்ததும் வா, அவசரமில்லை" என்றார். நான் வீட்டுக்கு வரக்கூடாது, வீட்டார் என்னை வந்து பார்க்கக்கூடாது. கடிதம் எழுதலாம், இனி அதைப் பிரித்துப் பார்க்கமாட்டார்களாம். ரயில் தென்காசியில் நிற்கும். ஸ்டேஷனுக்கு வந்து நிற்காதே.

சந்தியாகு

*

குற்றாலம்
21-6-1958

அக்கா,

ஸ்டேஷன் கிணற்றுக்குப் பின்னால் ஒளிந்து நின்றால் சேலை நிறம் தெரியாதா?

வந்த நாளிலிருந்து சாரல். காலையில் ஜன்னலைத் திறந்தால் மலையைக் காணோம். மேகம் அறைக்குள் வந்து மேசையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது, செபப் புத்தகத்தின் ஏடுகள் நமுத்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டன. மணி கிடையாது. எப்போது விடிந்தது, எப்போது மதியம் ஆனது என்று ஒன்றும் தெரிவதில்லை. இரவும் பகலும் அருவிச் சத்தம் ஒரே சுரத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சில சமயம் அது எனக்கு உள்ளேயிருந்து வருகிறதோ என்று காதைப் பொத்திப் பார்க்கிறேன்.

இங்கே பிரான்சுக்காரக் கிழவர் ஒருவர் இருக்கிறார், காது கேட்காத சாமியார். தினமும் நனையாமல் குடை பிடித்துக்கொண்டு அருவிக்குப் போகிறார், குடையை மடக்கி வைத்துவிட்டுத் தண்ணீருக்கு அடியில் நிற்கிறார், குளித்து முடித்ததும் நனையாமல் குடை பிடித்துக்கொண்டு திரும்புகிறார். பார்த்துவிட்டு எனக்குப் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

மதியம் கண்ணயர்ந்தால் ஒரே கனவுதான் வருகிறது. மேற்றிராணியார் முன்னே வா என்கிறார், காலை எடுத்து வைக்கிறேன், கீழே கோயில் தரை இல்லை, அருவிப் பாறை. தண்ணீர் வழவழவென்று காலைச் சுற்றி ஓடுகிறது. பயம் இல்லை. நிற்கிறேனா, போய்க்கொண்டிருக்கிறேனா என்றுதான் தெரியவில்லை. விழித்த பிறகும் கால் குளிர்ந்தே இருக்கிறது.

சாயங்காலம் இலஞ்சி ரோட்டில் நடப்பேன். சாரல் விலகுகிற நேரம் வயலுக்கு அப்பால் தென்காசியின் மொட்டைக் கோபுரம் தெரியும். அதற்கு வலதுபுறம் எங்கேயோ நீ அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன். உன் மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன். வந்த புதிதில் தேடாமலே இருந்தது.

உன் கேள்விக்குப் பதில் தெரியவில்லை, அக்கா. யோசிக்க உட்கார்ந்தால் அம்மாவின் நேர்ச்சை வாசலில் வந்து நின்றுகொள்கிறது. போகிறேன் என்றாலும் அது தள்ளுகிறது, போகவில்லை என்றாலும் அது மறிக்கிறது. அதை அம்மா எடுத்துவிட்டால்தான் எனக்கு என் மனசு தெரியும். நேர்ந்தவள் அவள், நான் இல்லை. அதை வேறொன்றாக மாற்றிக் கொடுக்கப் பங்குச்சாமியாருக்கு அதிகாரம் உண்டு. அவரை அம்மாவிடம் பேசச் சொல்லேன்.

தோட்டக்காரர் இசக்கியப்பன் இதைக் கொண்டு வருகிறார். தபாலில் போடச் சொன்னேன். "தென்காசிக்குத்தான சாமி? தபால்காரரு நனைச்சிருவாரு, நானே சைக்கிள்ல கொண்டு குடுத்துருதேன்" என்கிறார். அவருக்குக் காப்பி கொடு.

சந்தியாகு

*

தென்காசி
29-6-1958

தம்பி,

இசக்கியப்பன் காப்பி குடித்தார், நாலு தோசையும் தின்றார். நீ இளைத்துவிட்டாய் என்றார். சாப்பாட்டில் உனக்கு என்ன கோபம்?

பங்குச்சாமியார் வீட்டுக்கே வந்தார். அம்மா அவருக்கு நாற்காலி போட்டாள், என் பக்கம் திரும்பவில்லை. நேர்ச்சை நேர்ந்தவரை மட்டும்தான் கட்டும், மகனைக் கட்டாது, அதற்குப் பதிலாகப் புளியம்பட்டியில் ஏழைகளுக்கு ஓர் அசனச் சாப்பாடு போட்டால் போதும் என்று பொறுமையாகச் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "சாமி, குடுத்த பிள்ளையத் திருப்பிக் கேட்டா வாங்குனவரு சும்மா இருப்பாரா? எம்பிள்ளைய எடுத்துக்கிடுவாரு. அவன் எங்கன இருந்தாலும் உசுரோட இருக்கணும். நான் எடுக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாம் நினைத்ததுபோல் இது பக்தி இல்லை, தம்பி. இத்தனை வருஷமும் பயம். நீ அந்த அங்கிக்குள் இருக்கிற வரைக்கும்தான் உயிரோடு இருப்பாய் என்று அவள் நம்புகிறாள்.

சாமியார் போனதும் நான் விடவில்லை. "எனக்கும்தான அப்ப அம்மை போட்டிருந்தது? ஒரே பாயில, வேப்பிலைக்கு நடுவுல ரெண்டு பேரும்தான கெடந்தோம்? என்னைய ஆருக்கு நேந்த? ஒருத்தருக்கும் நேரல. நான் பொழைக்கலியா? நேராமலே பொழைச்சவ உன் முன்னால நிக்குதேன், பாரும்மா" என்றேன்.

என்னோடு பேச்சை நிறுத்தியவள் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "ரெண்டு பிள்ளையையும் கேட்டா பேராசைன்னு ஒண்ணையும் தராமப் போயிருவாரோன்னு பயந்துட்டேண்டி. ஒண்ணைத்தான் கேட்டேன்" என்றாள்.

கொல்லைக்குப் போய் அழுதேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், நான் பாத்திரம் துலக்கினால் பார்க்கிறாள், என் பிள்ளைக்குத் தலை பின்னினால் பார்க்கிறாள். இன்று காலை என் சோற்றைச் சாப்பிட்டாள்.

பிரகாசி

*

குற்றாலம்
8-7-1958

அக்கா,

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. நேற்று அம்மா இங்கே வந்தாளா?

மதியம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மேகம் வாசல்வரைக்கும் இறங்கியிருந்தது. கம்பிக் கதவுக்கு வெளியே அம்மா நிற்கிறாள், தலையில் முக்காடு, சேலையெல்லாம் ஈரம். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கனவு கலைந்துவிடும் என்று பயமாக இருந்தது. வீட்டாரைப் பார்க்கக்கூடாது என்பதும் நினைவில் இருந்தது. அவளும் கதவைத் தொடவில்லை.

"எய்யா, எடுத்துக்கிட்டேன். நான் குடுத்தத நானே எடுத்துக்கிட்டேன். அசனம் போட்டுருதேன். நீ செத்துராத, என்னய்யா" என்றாள்.

சரி என்று தலையை ஆட்டினேன். அதற்குள் மேகம் மறைத்துவிட்டது. விலகியபோது ரோட்டில் யாருமில்லை. இசக்கியப்பனைக் கேட்டால், "நான் மாட்டைப் பாக்கப் போயிருந்தேன் சாமி" என்கிறார். கிழவர் பக்கத்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

வந்தாளா, அக்கா? உண்மையைச் சொல். எனக்கு நெஞ்சு இறகு மாதிரி ஆகிவிட்டது. இது வெறும் கனவென்றால் என்னால் தாங்க முடியாது.

சந்தியாகு

*

தென்காசி
9-7-1958

ஏலே,

கனவுமில்லை ஒன்றுமில்லை. முந்தாநாள், அடுத்த தெருப் பேராச்சி வீட்டுப் பெண்களோடு குளிக்கப் போகிறேன் என்று காலை பஸ்ஸில் ஏறினவள், ராத்திரிச் சோற்றுக்குத்தான் வந்தாள். ஈரச்சேலை இன்னும் கொடியில் கிடக்கிறது. "அருவியில குளிச்சியாம்மா?" என்றால், "ஆமா, குளிச்சேன்" என்றாள். தலை மட்டும் காய்ந்திருந்தது.

புளியம்பட்டியில் அசனத்துக்குச் சொல்லியாகிவிட்டது. அதிபர் சாமியாருக்கு நீயே எழுது. கொஞ்ச நாள் வீட்டில் வந்து இரு, சும்மா இரு, தின்று தூங்கு. பிறகு யோசிக்கலாம்.

பிரகாசி

*

சேசு மரி சூசை

குருமடம், திருச்சிராப்பள்ளி
18-9-1958

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்தேன். அத்தான் சட்டையில் குருமடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். என் வேட்டி, அங்கி ஒன்றுவிடாமல் அம்மா ஏன் தொட்டியில் முக்கி வைத்தாள் என்று அதிபர் சாமியாரிடம் விளக்கிச் சொல்ல முடியவில்லை. அழுக்கு என்றேன். ஈரமூட்டையைப் பார்த்துவிட்டு அவர் காயப்போடக் கொடியைக் காட்டினார்.

இந்த இரண்டு மாதமும் நினைக்க நினைக்கத் தித்திப்பாக இருக்கிறது. அசனத்தில் இலை போட்டது, புக்கிங் ஜன்னலில் அத்தானுக்குப் பதில் உட்கார்ந்து கடையத்துக்குப் போகிறவனுக்குச் செங்கோட்டை டிக்கெட் கிழித்துக் கொடுத்தது, நான் மதியம் தூங்கும்போது அம்மா விசிறிக்கொண்டே என் மூச்சைப் பார்த்தது எல்லாம்தான். ஆடி போய் ஆவணி வந்ததும் அந்தப் பயம் அவளை விட்டுப் போனது. அதற்குப் பிறகு கடையத்தில் ஒரு பெண் இருக்கிறாள், நிறம் கொஞ்சம் மட்டு, குணம் தங்கம் என்று ஆரம்பித்தாளே, அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

நீ ஏன் திரும்பிப் போகிறாய் என்று ஸ்டேஷனில் கேட்டாய், வண்டி நகர்ந்துவிட்டது. பெரிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை. ஒருநாள் விடியற்காலம் விழிப்பு வந்தது. மணி இல்லை, எழுப்ப ஆள் இல்லை, எழுந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. எழுந்து முழந்தாள்படியிட்டேன். யாருக்காக என்று எனக்குள்ளேயே கேட்டுப் பார்த்தேன். அம்மாவுக்காக இல்லை, அந்தோணியாருக்காகவும் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது. மறுநாளும் பிடித்திருந்தது. அதையேதான் அதிபர் சாமியாரிடமும் சொன்னேன். லத்தீனில் சொல்லச் சொல்வாரோ என்று பயந்தேன். "போதும்" என்றார்.

டிசம்பர் இருபதாம் தேதி பட்டம். அதற்கு முன்னால் நம் கோயிலில் திரும்பவும் வாசிக்க வேண்டும். அம்மாவிடம் நீதான் பதமாகச் சொல்ல வேண்டும். நீ எழுந்து நின்றதற்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்லுகிறேன்.

சந்தியாகு

*

தென்காசி
24-11-1958

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று வாசித்தார்கள்.

அம்மாவிடம் நான் பதமாகத்தான் சொன்னேன். நீ போன பிறகு பத்து நாள் அவள் என்னைத் திட்டாத திட்டு இல்லை. "நீதான தடை சொன்னே, நீதான என்னைய எடுக்க வச்சே, இப்ப அவன அனுப்பவும் நீதான் நிக்கே" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். அவன் தானாகவே போகிறான் அம்மா, நாம் யாரும் தள்ளவில்லை என்றேன். "அதுதாம்ட்டி வலிக்கி" என்றாள்.

கோயிலுக்கு வரமாட்டாள் என்றே நினைத்தேன். எனக்கு முன்னால் கிளம்பி முன்பாயில் போய் உட்கார்ந்திருந்தாள். சாமியார் உன் பெயரை வாசித்தார். தடை சொல்ல யாரேனும் உண்டா என்று கேட்டார். கோயிலில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. உன் அத்தான் ஆண்கள் பக்கத்திலிருந்து, உட்காரு உட்காரு என்று கையைக் காட்டுகிறார். நான் உட்கார்ந்துதான் இருந்தேன். வாயையும் கெட்டியாக மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

எழுந்தது அம்மா.

"எனக்கு ஒரு தடை இருக்கு சாமி" என்றாள்.

சாமியார் முகம் வெளுத்துவிட்டது. "சொல்லுங்கம்மா" என்றார்.

"எம்பிள்ள எனக்கு வேணும்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை, தம்பி. கைப்பிள்ளைகள்கூட அழவில்லை. சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு ரொம்ப மெதுவாக, "அது சட்டப்படி தடை ஆகாதே அம்மா" என்றார்.

"ஆகாதுன்னு தெரியும் சாமி" என்று அம்மா பீடத்தைக் கையால் காட்டினாள். "அன்னைக்கிப் பயந்து குடுத்தேன். இன்னைக்கி மனசில்லாம குடுக்கேன். அது அவருக்குத் தெரியணும்லா? இப்ப வாசிங்க."

உட்கார்ந்து, முக்காட்டைச் சரியாக இழுத்து விட்டுக்கொண்டாள். சாமியார் மீதியை வாசித்தார்.

பிரகாசி